தூதும் அணுக்குண்டும்

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிற் புறநானூறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அதியமானின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி அன்றைய பாடம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு திறந்து காட்டுகிறான். அங்கே வேல்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று, பளபளவென்று நிற்கின்றன. அதியமானின் வேல்களோ போரிலே நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வதுபோல் இகழ்ந்தும், இகழ்வதுபோற் புகழ்ந்தும், ஒரு போரின் விலையை அவர் எதிரிக்கு உணர்த்திய திறத்தை விளக்கி முடித்தேன். அப்பொழுது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அந்தக் கொட்டிலில் வேலுக்குப் பதிலாக அணுக்குண்டு இருந்திருந்தால் ஔவையார் என்ன சொல்லியிருப்பார்?"

வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்தேன். மணி அடித்தது, மாணவர் கலைந்தனர். வினாவோ என்னைவிட்டு அகலவில்லை. யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, அம்மாணவனுக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையையே எழுதுவது என்று துணிந்தேன். யான் அரசியல் அறிஞன் அல்லேன்; பயிற்றப்பட்ட தமிழாசிரியன். எனினும் தூது என்பது தமிழாசிரியனுக்குப் புதிய பொருள் அன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார்.

அணுக்குண்டு பற்றிய பேச்சு அளவெட்டிக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நிலப்படத்தை விரித்து வைத்து அளந்து பாருங்கள். நம் ஊரிலிருந்து வடக்கே கடலைக் கடந்தாற் கல்பாக்கம். தென்மேற்கே கடலைக் கடந்தாற் கூடங்குளம். இரண்டு இடங்களிலும் அணுமின் நிலையங்கள் உள்ளன. வானவழித் தூரம் இரண்டுக்கும் ஏறத்தாழ 300 கிலோமீற்றரே. நம் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் நடுகின்ற கமக்காரனுக்கு அவை அயலூர்களே. அத்தகைய நிலையம் ஒன்றின்மேற் போர்க்காலத்திற் குண்டு விழுமாயின் அதன் நஞ்சு எங்கே போகும் என்பதைக் காற்றுத் தீர்மானிக்குமேயன்றி அரசுகள் தீர்மானிப்பதில்லை. 1986 ஆம் ஆண்டிற் செர்னோபிலில் ஒரே ஓர் உலை வெடித்தபோது ஐரோப்பாவின் பல நாடுகளின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் மாசுற்றன. வாடைக்காற்று எந்த எல்லைக் காவலனிடமும் அனுமதி கேட்டு வீசுவதில்லை.

ஆகவே, பகைநாடொன்று அணுக்குண்டு செய்ய முனைந்தால், அல்லது செய்தே விட்டால், அதற்கு எதிர்நாடு யாது செய்தல் வேண்டும் என்ற வினா நம்முடையதும் ஆகும். இதற்கு உலகம் மூன்று விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. அடித்து நொறுக்கு என்பது ஒன்று. தண்டித்துப் பணிய வை என்பது மற்றொன்று. பேசு என்பது மூன்றாவது. இந்த மூன்றாம் விடையை இகழ்வோர் பலர். பகைவனை எப்படி நம்புவது என்பதே அவர் கேள்வி. நம்ப வேண்டியதில்லை என்பதே என் மறுமொழி. நம்பிக்கை பிறந்த பின் உடன்பாடு செய்வோம் என்று காத்திருப்பவன் எக்காலத்தும் உடன்பாடு செய்யான். நம்பாத நிலையிலேயே, சிறியதாயினும் தெளிவான உடன்பாடு ஒன்றைச் செய்து, அதனை ஆண்டுதோறும் தவறாது நிறைவேற்றி வருவதே தூதின் மெய்யான வெற்றி. இதற்குச் சான்று நம் அயலிலேயே இருக்கிறது.

இந்தியா 1974 மே 18 ஆம் நாள் பொக்ரானில் முதல் அணுவெடிச் சோதனையை நடத்தியது. அதற்கு முன்பே, 1971 ஆம் ஆண்டுப் போரிலே தோற்றிருந்த பாக்கிஸ்தான் தன் அணு முயற்சியைத் தொடங்கியிருந்தது. கஹூட்டாவில் யூரேனியம் செறிவூட்டும் ஆலை எழுந்தது. 1981 யூன் 7 ஆம் நாள் இஸ்ரேலிய விமானங்கள் ஈராக்கின் ஒசிராக் அணு உலையைத் தகர்த்தன. அன்றுமுதல் கஹூட்டாவுக்கும் அதே கதி நேரும் என்ற அச்சம் பாக்கிஸ்தானைப் பற்றிக்கொண்டது. தம் நிலையங்கள் பதிலுக்குத் தாக்கப்படும் என்ற அச்சம் இந்தியாவுக்கும் இருந்தது. இவ்விரண்டு அச்சங்களும் சந்தித்த இடத்திலேதான் தூது பிறந்தது. அன்பு சந்தித்த இடத்தில் அன்று.

1985 டிசம்பரிற் புதுதில்லியிற் கூடிய இராஜீவ் காந்தியும் தளபதி ஸியா உல் ஹக்கும் ஒருவர் மற்றவருடைய அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக இணங்கினர். 1988 டிசம்பர் 31 ஆம் நாள், இராஜீவ் காந்தி சார்க் மாநாட்டுக்காக இஸ்லாமாபாத் சென்றிருந்தபோது, பெனாசிர் பூட்டோவின் ஆட்சியோடு அவ்விணக்கம் எழுத்து வடிவம் பெற்றது. 1991 சனவரி 27 இல் அது நடைமுறைக்கு வந்தது.

அவ்வுடன்பாடு மிகச் சிறியது. ஒரு நாட்டின் அணு நிலையங்களை அழிக்கவோ சேதப்படுத்தவோ மற்றைய நாடு நேரிலும் மறைவிலும் முயலக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதலாம் நாள் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை, அவற்றின் அகலக்கோடு நெடுங்கோட்டோடு, கைமாற்றிக்கொள்ள வேண்டும். அணு உலைகள், எரிபொருள் ஆலைகள், செறிவூட்டும் ஆலைகள் முதலியன அதில் அடங்கும். பட்டியல் வெளியிடப்படுவதில்லை. அது முழுமையானதா என்று சென்று பார்க்கும் அதிகாரியும் எவருமிலர். சொல்லப்போனால், எங்கள் உயிர்நிலை இங்கே இருக்கிறது. இங்கே அடிக்காதே என்று பகைவன் கையிலேயே முகவரியைக் கொடுக்கும் செயல் இது.

முதற் பட்டியல் 1992 சனவரி 1 இற் கைமாறியது. அதன் பின் என்னென்ன நடந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். 1998 மே மாதத்தில் இந்தியா 11 ஆம் 13 ஆம் நாள்களிலும், பாக்கிஸ்தான் 28 ஆம் 30 ஆம் நாள்களிலும் அணுக்குண்டுகளை வெடித்துப் பார்த்தன. 1999 இற் கார்கில் மலைகளிற் போர் மூண்டது. 2001 டிசம்பர் 13 இல் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட, இலட்சக்கணக்கான படைவீரர் எல்லையில் முகத்துக்கு முகம் நின்றனர். 2008 இல் மும்பாய் எரிந்தது. 2019 இல் விமானங்கள் எல்லை தாண்டின. 2025 மே மாதம் நான்கு நாள்கள் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் பறந்தன. இத்தனைக்கும் இடையே, 2002 சனவரி முதலாம் நாளும் பட்டியல் கைமாறியது. 2009 இலும் கைமாறியது. 2026 சனவரி முதலாம் நாள் முப்பத்தைந்தாம் முறையாகவும் கைமாறியது. தூதுவரைத் திருப்பி அழைத்த ஆண்டிலும், வானையும் எல்லையையும் மூடிய ஆண்டிலும், அந்தக் கடதாசி மட்டும் போய் வந்தது.

இதனைப் படிக்கும்போது என் இளமைக்கால நினைவொன்று எழுகிறது. 1990 ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. கோட்டையை அண்மிய யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரியின் சுற்றாடல் அவ்வாண்டிற் பட்ட பாட்டை மூத்தோர் அறிவர். அவ்வாண்டின் இறுதியிற் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு இரு தரப்பாரோடும் பேசி, ஆசுபத்திரியைச் சுற்றிய பகுதியைத் தாக்குதலுக்கு அப்பாற்பட்ட பாதுகாப்பு வலயம் ஆக்கியது. காய்ச்சலிற் கிடந்த என்னைத் துவிச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போன அப்பா, வலயத்தின் எல்லையைக் காட்டும் கொடியைக் கண்டதும் மிதிப்பதைச் சற்றுத் தளர்த்தினார். வழிநெடுக வானத்தையே பார்த்து வந்தவர், அதன் பிறகுதான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்த இணக்கத்தினாற் போர் நிற்கவில்லை. இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் நேசிக்கவும் இல்லை. ஆயினும் ஒரு தகப்பன் வானத்தை விட்டுவிட்டுத் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு அது இடங்கொடுத்தது. தூது என்ன செய்யும் என்று எவரேனும் என்னைக் கேட்டால், இதைத்தான் செய்யும் என்பேன்.

இனி மறுதலைப்போரின் வாதங்களையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும்.

பட்டியலினால் ஒரு குண்டாவது குறைந்ததா என்பது முதல் வாதம். குறையவில்லை. ஸ்ரொக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிறுவனத்தின் 2025 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி இந்தியாவிடம் ஏறத்தாழ 180 அணுக்குண்டுகளும் பாக்கிஸ்தானிடம் ஏறத்தாழ 170 உம் இருந்தன. ஆயின் தண்டனை என்ன செய்தது? 1998 யூன் 6 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1172 ஆம் இலக்கத் தீர்மானத்தினால் இரு நாடுகளையும் கண்டித்து, அணு ஆயுத முயற்சியை நிறுத்துமாறு கோரியது. அமெரிக்காவும் யப்பானும் பொருளாதாரத் தடை விதித்தன. இரு நாடுகளும் நிறுத்தவில்லை. 2001 இல் அமெரிக்காவே தன் தடைகளை நீக்கிக்கொண்டது. பெரிய கோரிக்கை காற்றோடு போயிற்று. சிறிய கடதாசி நிலைத்தது. அது நிலைத்திருந்தமையால், அதன் அருகில் வேறு சிலவும் முளைத்தன. ஏவுகணைச் சோதனைக்கு முன் அறிவித்தல் கொடுப்பது என்று 2005 இலும், அணு ஆயுத விபத்து நேர்ந்தால் உடனே தெரிவிப்பது என்று 2007 இலும் அந்நாடுகள் உடன்பட்டன.

பகைவன் ஏமாற்றுவான் என்பது இரண்டாம் வாதம். வடகொரியாவை எடுத்துக்காட்டுவர். 1994 ஒக்டோபரில் அமெரிக்காவோடு உடன்பாடு செய்த அந்நாடு 2006 ஒக்டோபர் 9 ஆம் நாள் அணுக்குண்டை வெடித்தது உண்மையே. மறைவாக வேறு வழியில் யூரேனியம் செறிவூட்ட முயன்றதும் உண்மையே. ஆயினும் உடன்பாடு நின்ற எட்டாண்டுகளில் யொங்பியொன் புளுத்தோனியம் உலை மூடிக் கிடந்தது. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் கண்காணிப்பாளர் அங்கே இருந்தனர். 2002 இல் உடன்பாடு முறிந்தது. அவ்வாண்டு டிசம்பரிற் கண்காணிப்பாளர் வெளியேற்றப்பட்டனர். நான்கே ஆண்டுகளில் முதற் குண்டு வெடித்தது. ஆகவே உடன்பாடு இருந்ததனாற் குண்டு வந்தது என்பதிலும், முறிந்ததனால் விரைந்து வந்தது என்பதே பொருந்தும்.

அடித்து நொறுக்கினாற் காரியம் முடியும் என்பது மூன்றாம் வாதம். இதுவே இளைஞரைப் பெரிதும் கவர்வது. ஒசிராக் தகர்ந்த பின் ஈராக் தன் முயற்சியைக் கைவிடவில்லை. அதனை மறைவிற் கொண்டுபோயிற்று. ஈரானின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். 2015 யூலை 14 ஆம் நாள் வியன்னாவிற் செய்த உடன்பாட்டின்படி, ஈரான் யூரேனியத்தை 3.67 வீதத்துக்கு மேற் செறிவூட்டக்கூடாது. 300 கிலோகிராமுக்கு மேல் இருப்பு வைத்திருக்கக்கூடாது. கண்காணிப்பாளர் சென்று பார்த்தனர், எடை அறிந்தனர், இடம் அறிந்தனர். 2018 மே 8 ஆம் நாள் அமெரிக்கா அவ்வுடன்பாட்டினின்றும் விலகியது. அதன் பின் ஈரானும் எல்லைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, 2021 இல் 60 வீதம் வரை செறிவூட்டத் தொடங்கியது. 2025 யூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அந்நிலையங்களைக் குண்டுவீசித் தாக்கின. அவ்வேளையில் 60 வீதம் செறிவூட்டிய யூரேனியம் 440 கிலோகிராம் அளவில் இருந்ததாக முகவர் நிலையம் மதிப்பிட்டிருந்தது. தாக்குதலின் பின் ஈரான் கண்காணிப்போடு ஒத்துழைப்பதை இடைநிறுத்த, அந்த 440 கிலோகிராமும் எங்கே எந்நிலையில் உள்ளது என்று உறுதிப்படுத்த முகவர் நிலையத்தால் இயலாது போயிற்று. குண்டு கட்டடத்தை இடித்தது. கூடவே கணக்கையும் அழித்தது. எதிரியிடம் என்ன இருக்கிறது என்று அறிந்திருப்பது ஒரு காவல். அக்காவலைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வது வீரம் ஆகுமா என்பதை மாணவர் சிந்திப்பாராக.

இத்தனையும் பெரிய நாடுகளின் காரியம், நம்போன்ற சிறு நாட்டுக்கு இதில் என்ன இடம் என்று கேட்பதும் தவறு. 1971 டிசம்பர் 16 இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது இலங்கையின் முயற்சியினாலேயே. 1995 ஏப்பிரல், மே மாதங்களில் நியூயோர்க்கில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றிய மாநாடு கூடியபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஜயந்த தனபால. ஒப்பந்தத்தை எல்லையின்றி நீட்டிக்கலாமா கூடாதா என்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் பிளவுபட்டு நின்றன. அவர் எல்லாத் தரப்பாரையும் சிறு சிறு கூட்டங்களாக அழைத்துப் பேசி, மே 11 ஆம் நாள் வாக்கெடுப்பே இன்றி முடிவு காணச் செய்தார். 1998 யூலையிற் கொழும்பிற் கூடிய சார்க் மாநாட்டிலே, குண்டு வெடித்து இரு மாதங்களே கழிந்த நிலையில், வாஜ்பாயியும் நவாஸ் ஷெரீப்பும் முகம்பார்த்துப் பேசினர். அச்சந்திப்பிற் பயனொன்றும் விளையவில்லை என்று அன்று எழுதினர். ஆயினும் 1999 பெப்ரவரியில் வாஜ்பாயி பேருந்தில் எல்லை கடந்து லாகூர் சென்றார். 2023 இல் இலங்கை அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியதோடு, அணு ஆயுதங்களையே தடைசெய்யும் ஒப்பந்தத்திலும் சேர்ந்துகொண்டது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. தாம் குண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு பிறரை வைத்திராதே என்பவரின் சொல் எடுபடாது. பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாம் உறுப்புரை, குண்டுடைய நாடுகளும் ஆயுதக் களைவு குறித்து நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்று பணித்திருக்கிறது. 1970 இல் நடைமுறைக்கு வந்த அவ்வொப்பந்தத்தின் அப்பகுதி இன்னும் நிறைவேறாக் கடனாகவே கிடக்கிறது. கடன்காரர் பிறருக்கு நியாயம் உரைப்பதனாலேயே தூது பல இடங்களிற் தோற்கின்றது.

நானும் குற்றமற்றவன் அல்லேன். 1998 மே மாதத்தில் வானொலியிற் பொக்ரான் செய்தி கேட்டபோது எனக்குப் பதினேழு வயது. இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம் அச்செயலின் முன்னணியில் நின்றார் என்று அறிந்து துள்ளினேன். திண்ணையிற் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா, பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மோனை, அது ஆற்றை பிள்ளையளின்ரை தலையிலை விழும்?" எட்டாண்டு பதுங்குகுழியில் இருந்தெழும்பிய ஒருத்தியின் வினா அது. எனக்கு விடை தெரியவில்லை. 2025 மே மாதத்தில், என் மாணவர் சிலர் கைத்தொலைபேசியில் ஏவுகணை பறப்பதைக் கிரிக்கெற் ஆட்டம்போற் பார்த்து ஆரவாரித்தபோது அதே வினாவை நான் அவர்களிடம் கேட்டேன். அவர்களுக்கும் விடை தெரியவில்லை. ஆனால் ஆரவாரம் அடங்கியது.

பழைய மாணவரே, உங்களிற் பலர் இன்று பிரித்தானியாவிலும் பிரான்சிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழ்கின்றீர்கள். அம்மூன்றும் அணுக்குண்டு வைத்திருக்கும் நாடுகள். அங்கே வாக்குரிமை பெற்றவர்கள் உங்களில் உண்டு. தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், ஆறாம் உறுப்புரைக் கடன் எப்போது தீரும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குண்டு எத்தகையது என்று நூலிற் படித்தவர் கேட்பதற்கும் பதுங்குகுழியில் இருந்தவர் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. மாணவரே, சிங்களமும் ஆங்கிலமும் இன்னுமொரு பிறநாட்டு மொழியும் பயிலுங்கள். வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைக்கு நம் கல்லூரியிலிருந்தும் எழுதுங்கள். வைத்தியரும் பொறியியலாளரும் நமக்கு நிறையக் கிடைத்துவிட்டனர், தூதர் போதாது. உடன் ஆசிரியரே, நாம் ஔவையாரின் தூதை வினாப் பத்திரத்துக்கு மட்டும் கற்பியாது, இன்றைய செய்தித்தாளை அருகில் வைத்தும் கற்பிப்போமாக.

அம்மாணவனுக்கு நான் தரவேண்டிய விடை இதுவே. தம்பி, அந்தக் கொட்டிலில் அணுக்குண்டு இருந்திருந்தால் ஔவையார் அதைப் புகழ்ந்தும் இரார், இகழ்ந்தும் இரார். ஓர் ஓலையும் எழுத்தாணியும் கேட்டிருப்பார். "உன் ஊரில் எவ்விடங்களில் அடிபட்டால் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் மாள்வர் என்று எழுது, அதியமானிடமும் எழுதி வாங்கி வருகிறேன், அடுத்த தைமாதமும் வருவேன்" என்று சொல்லியிருப்பார். அடுத்த தைமாதமும் வந்திருப்பார்.